ஹெரால்டு மீட்டர் பலகை: கோவென்ட்ரியில் இருக்கும் மருமகளுக்கு

அன்புள்ள மலருக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய உன் ஹெரால்டு காரின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரப் பலகையின் வார்னிஷ் வெயிலில் வெடித்து உரிந்திருக்கிறது. ஸ்பீடோமீட்டர் முள் துள்ளுகிறது, பெட்ரோல் முள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டுகிறது என்று எழுதியிருக்கிறாய். மூன்றையும் சரிசெய்ய மீட்டர் பலகையை வெளியே எடுத்தாக வேண்டும். யாரோ அரை மணியில் பிடுங்கி எடுத்ததைப் பார்த்ததாகவும் சொன்னாய். எடுக்கலாம்தான். ஆனால் கையில் ஒரு திருப்புளி இருந்தாலே அந்தப் பலகை வந்துவிடுகிறதே, அது ஏன் என்று தெரிந்துகொண்டு கை வை. அதன் பின்னால் ஒரு கம்பெனி பட்ட பாடு இருக்கிறது. எல்லாம் நீ வேலை பார்க்கும் ஊரில் நடந்ததுதான்.

ட்ரையம்ப் ஹெரால்டு பிறந்தது கோவென்ட்ரியின் கான்லி தொழிற்சாலையில். ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனிக்கு எஞ்சின் செய்யத் தெரியும், கியர்பாக்ஸ் செய்யத் தெரியும். முழு பாடியை அழுத்தி எடுக்கும் பெரிய பிரஸ் மட்டும் சொந்தமாகக் கிடையாது. அவர்களின் முந்தைய கார்களான ஸ்டாண்டர்டு 8-க்கும் 10-க்கும் பாடி கொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953-இல் அந்தக் கம்பெனியைப் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. அடுத்த காருக்கு முழு பாடி செய்து கொடுக்க ஆள் இல்லை. உலகம் முழுக்க சேஸிஸும் பாடியும் ஒன்றான கார்களுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. இவர்களின் 8-உம் 10-உம்கூட அப்படிப்பட்டவையே. இருந்தாலும் தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் பழைய வழிக்கே திரும்பினார். தனி சேஸிஸ்; அதன் மேல் துண்டு துண்டான பாடி. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பட்டறையில் செய்து வரும், கோவென்ட்ரியில் போல்ட் போட்டு இணைப்பார்கள். உருவத்தை வரைந்து கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலொட்டி. 1959 ஏப்ரலில் கார் வெளிவந்தது. பானட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து எஞ்சினும் முன்சக்கரமும் வெட்டவெளியில் நிற்கின்றனவே, அதுவும் இந்தத் துண்டு யோசனையின் விளைவுதான்.

வேறு வழியில்லாமல் செய்த காரியமே அந்தக் காரின் பெரிய குணமாகிவிட்டது என்பேன். ஹெரால்டில் எதுவும் எதற்குள்ளும் புதைந்து கிடக்காது. இன்றைய கார்களில் ஒரு பல்பு மாற்ற பம்பரையே இறக்கச் சொல்கிறார்களே, அந்தத் தொல்லை இதில் இல்லை.

நமக்கும் இந்தக் கார் வந்து சேர்ந்ததற்கு அதே காரணம் உதவியது. துண்டுகளாக வருவதைப் பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றலாம். மால்டா, அயர்லாந்து, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று பல நாடுகளில் ஹெரால்டை இணைத்து உருவாக்கினார்கள். சென்னையில் 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர் தொழிற்சாலையில் 1961-இலிருந்து இதை ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் கொண்டுவந்தது. 1968-இல் நான்கு கதவு வைத்த மார்க் 3 வந்தது. இங்கிலாந்தில் அவர்கள் நான்கு கதவு ஹெரால்டு செய்ததே இல்லை. அது நம் ஊர்க்காரர்கள் செய்து காட்டியது. பிறகு கேசல் என்ற மாடல் வந்தது. நான் ஒயரிங் வேலை பழகியது இந்த வண்டிகளில்தான். அதனால் உன் காரின் பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று படம் பார்க்காமலே சொல்ல முடியும்.

இனி பலகைக்கு வருகிறேன். முதலில் வந்த ஹெரால்டுகளில் சாம்பல் நிறத்தில் அழுத்திய அட்டைப் பலகை இருந்தது. பார்க்க மலிவாக இருக்கும். 1961-இல் ஹெரால்டு 1200 வந்தபோது மரப் பலகை வைத்தார்கள். உன்னுடையது 1966 வண்டி என்பதால் மரம்தான். அதன் முகத்தில் இருப்பது ஒட்டுப்பலகை மேல் ஒட்டிய மிக மெல்லிய மரத்தோல். வார்னிஷை எடுக்க மெஷின் சாண்டர் போட்டுவிடாதே. ஒரு நொடியில் தோல் தேய்ந்து அடிப்பலகை தெரிந்துவிடும். பெயிண்ட் ரிமூவர் தடவி, மரச் சுரண்டியால் மெதுவாகத் தள்ளி எடு. பிறகு நைஸ் உப்புத்தாளால், மரத்தின் ரேகை போகும் பக்கமாகவே கையால் தேய்.

மரம் வந்ததால் ஒயரிங்கிலும் ஒரு மாற்றம் வந்தது. பலர் தடுக்கி விழும் இடம் அதுதான். இரும்பு டேஷ்போர்டாக இருந்தால் மீட்டரைத் திருகியதுமே பாடி வழியாக எர்த் கிடைத்துவிடும். மரம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஒவ்வொரு மீட்டருக்கும் தனியே கறுப்பு ஒயர் இழுத்திருப்பார்கள். மீட்டரைப் பிடித்திருக்கும் நெளிவிளிம்பு நட்டின் அடியிலேயே அந்த ஒயரின் கண்ணி நுழைந்திருக்கும். கழற்றும்போது அது வெறும் வாஷர் மாதிரி நழுவிவிடும், திரும்ப மாட்டும்போது விட்டுப்போகும். அப்புறம் மீட்டர் வெளிச்சம் மங்கும். ஒரு சுவிட்சைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொரு பல்பு மினுங்கும். என்னிடம் ‘மீட்டர் போய்விட்டது’ என்று வந்த வண்டிகள் பலவற்றில் போயிருந்தது அந்த எர்த் ஒயர் மட்டுமே.

ஸ்பீடோமீட்டரின் கதை இன்னும் பழையது. 1902-இல் பெர்லினில் ஓட்டோ ஷுல்ட்சே என்பவர் காப்புரிமை வாங்கிய யோசனை அது. கியர்பாக்ஸிலிருந்து உறைக்குள் சுழலும் ஒரு கேபிள் வருகிறது. அதன் நுனி ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தின் மேல் தொடாமல் கவிழ்ந்திருப்பது ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் அலுமினியத்தில் ஒட்டாது. ஆனால் காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் மின்சுழல் பிறந்து, அது கிண்ணத்தையும் உடன் இழுக்கப் பார்க்கிறது. கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற மயிரிழை ஸ்பிரிங் அதைத் தடுக்கிறது. இழுப்பும் தடுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. முள்ளைத் தள்ளும் பல்சக்கரம் எதுவும் உள்ளே கிடையாது. இத்தனை எளிய ஏற்பாடு இவ்வளவு வருடம் கழித்தும் உன் காரில் வேலை செய்கிறதே, எனக்கு அதில் இன்றும் பெருமைதான். இங்கிலாந்தில் இந்தத் தொழிலை வளர்த்தது ஸ்மித்ஸ். லண்டன் கடிகாரக் கடைக்காரர்கள் அவர்கள். 1904-இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் மெர்சிடிஸுக்கு ஸ்பீடோமீட்டர் செய்து கொடுத்தவர்கள். மயிரிழை ஸ்பிரிங் அவர்களுக்குக் கைவந்த பொருள். உன் மீட்டரில் ஸ்மித்ஸ் என்று இருந்தாலும் யேகர் என்று இருந்தாலும் வந்த வீடு ஒன்றுதான்.

முள் துள்ளுகிறது என்றால் மீட்டரை உடனே சந்தேகிக்காதே. பெரும்பாலும் கேபிள்தான் காரணம். உறைக்குள் கிரீஸ் காய்ந்திருக்கும், அல்லது கேபிள் எங்காவது கூர்மையாக மடங்கியிருக்கும். உள்கம்பியை உருவித் துடைத்து மெல்லியதாகக் கிரீஸ் பூசு. மீட்டர் பக்கத்து நுனியில் ஒரு சாண் தூரம் கிரீஸ் வேண்டாம். சுழற்சியில் அது மேலேறி மீட்டருக்குள் புகுந்து கிண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பெட்ரோல் முள் அதிகமாகக் காட்டுவதற்குப் பலகைக்குப் பின்னால் இருக்கும் சின்ன உலோக டப்பாவைப் பார். வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பழைய மீட்டர்களில் இரண்டு காயில் இருக்கும். திருப்பத்தில் டேங்கில் பெட்ரோல் அலம்பினால் முள்ளும் கூடவே ஆடும். 1960-களில் வெப்பத்தால் வளையும் இரட்டை உலோகத் தகட்டில் ஓடும் மீட்டர்கள் வந்தன. அவை நிதானமாக நகரும், அலம்பலைக் கண்டுகொள்ளாது. ஆனால் வோல்டேஜ் ஏறி இறங்கினால் தப்பாகக் காட்டும். பேட்டரி 12-இல் இருக்கலாம், டைனமோ சார்ஜ் செய்யும்போது 14-க்குப் போகலாம். அதனால் அந்த டப்பாவுக்குள்ளும் ஒரு இரட்டைத் தகடு வைத்தார்கள். அது சூடாகி விலகும், ஆறி ஒட்டும். இப்படி விட்டுவிட்டுக் கொடுத்து சராசரியாக 10 வோல்ட்டை மீட்டருக்கு அனுப்பும். அந்த டப்பாவுக்கு எர்த் கிடைக்காவிட்டால் தகடு சூடாகாது, விலகவும் விலகாது. பேட்டரியின் முழு வோல்டேஜும் மீட்டருக்குப் போகும். உன் முள் ஏன் கூடுதலாகக் காட்டுகிறது என்று இப்போது புரிந்திருக்கும். முதலில் டப்பாவின் உடம்பு பாடியோடு நன்றாகத் தொடர்பில் இருக்கிறதா என்று பார்.

ஒயர் நிறங்கள் உனக்கு ஒரு வரப்பிரசாதம். பர்மிங்காமின் லூகாஸ் கம்பெனி வகுத்த வழக்கம் அது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. பழுப்பு நேராக பேட்டரியிலிருந்து வருவது, எப்போதும் உயிரோடு இருக்கும். வெள்ளை, சாவி போட்ட பின். பச்சை, சாவிக்கும் ஃப்யூஸுக்கும் பின். இளம்பச்சை ஸ்டெபிலைசரிலிருந்து மீட்டருக்கு. பச்சையில் கறுப்புக் கோடு பெட்ரோல் டேங்குக்கு. சிவப்பில் வெள்ளைக் கோடு மீட்டர் விளக்குக்கு. கறுப்பு எர்த். சென்னையின் பாடி என்ற பகுதியில் 1961-இல் லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனி வந்தது. நாங்கள் இங்கே படித்த பாடமும் இதே நிறங்கள்தான். இத்தனை வருடத்தில் ஒயர் கறுத்திருக்கும், அல்லது யாராவது கிடைத்த ஒயரைச் சேர்த்திருப்பார்கள். எனவே நிறத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொன்றிலும் டேப் சுற்றி எண் எழுதிப் படமெடுத்துக்கொள்.

கழற்றும் முறை சுருக்கமாக. முதலில் பேட்டரியின் எர்த் முனையை எடு. அதற்கு முன் எதையும் தொடாதே. பிறகு கீழிருந்து கையை விட்டு ஸ்பீடோமீட்டர் கேபிளின் நெளிவிளிம்பு வளையத்தைத் திருகி விடுவி. இதை மறந்து பலகையை இழுப்பவர்கள்தான் கேபிளை மடக்கிக் கெடுக்கிறார்கள். பல்பு ஹோல்டர்களைக் கையால் இழுத்தாலே வரும். ஒயரைப் பிடித்து இழுக்காதே. சுவிட்சுகளின் குமிழ்களைப் பார், கழுத்தில் ஊசித்துளை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதில் மெல்லிய கம்பியை வைத்து அழுத்தினால் உள்ளே ஸ்பிரிங் முனை அமுங்கும், குமிழ் கையோடு வந்துவிடும். குறடு வைத்துத் திருகியவர்களால் உடைந்த குமிழ்கள் எத்தனையோ. சோக் கேபிளையும் விடுவித்த பிறகு பலகையைப் பிடித்திருப்பது சில திருகுகள்தான். கடைசித் திருகை எடுக்கும்போது கூட ஒருவர் பலகையைத் தாங்கட்டும்.

மீட்டரை மாற்றும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். டயலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது அது. பின் அச்சின் பல் விகிதத்துக்கும் டயர் அளவுக்கும் ஏற்ப அது மாறும். வேறு மாடலில் இருந்து எடுத்த மீட்டர் துளையில் சரியாக உட்காரும், வேகத்தைத் தப்பாகச் சொல்லும். டிஜிட்டல் மீட்டர் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மலர். இதில் பழுதாவது எல்லாம் நீயே திறந்து பார்க்கக்கூடியது. அதைக் கழித்துவிட்டு, பழுதானால் தூக்கிப்போட மட்டுமே முடிகிற ஒன்றை வைப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

திரும்ப மாட்டும்போது திருகுகளை முடுக்குவதற்கு முன்பே பேட்டரியை இணைத்து, ஒவ்வொரு விளக்கையும் முள்ளையும் சோதித்துவிடு. அந்தப் பொடி எண்ணையும், ஸ்டெபிலைசர் டப்பாவின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. டப்பா மாற்ற வேண்டியதா, எர்த் கொடுத்தால் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா