இருபது டாலர்ச் சீட்டுக்கட்டு

சீட்டாட்டம் என்ற பேச்சை எடுத்தாலே நம் வீட்டுப் பெரியவர்களின் முகம் சுருங்கிவிடும். குதிரைப் பந்தயத்தைப் போல அதுவும் குடும்பத்தைக் கெடுக்க வந்த வஸ்து என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் அந்தப் பழைய சீட்டுக்கட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதில் ஏழை பணக்காரன் என்ற பேதம் இல்லை. 52 சீட்டையும் கலைத்துப் போட்டு விட்டால், பண்ணையாருக்கு வரும் ராஜா அவருடைய கணக்குப்பிள்ளைக்கும் வரலாம். பணம் வைத்து ஆடித் தோற்றால் பணம் போகும். அது வேறு சங்கதி. பணமுள்ளவன் கைக்குத்தான் நல்ல சீட்டு வரும் என்று ஒரு விதி கிடையாது.

அப்படி ஒரு விதி ஏறக்குறைய இருக்கிற சீட்டாட்டம் ஒன்று அமெரிக்காவில் பிறந்து உலகமெங்கும் பரவியிருக்கிறது. 'மேஜிக்: தி கேதரிங்' என்று அதற்குப் பெயர். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித அறிஞர் அமைத்த ஆட்டம். விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற கம்பெனி 1993-இல் வெளியிட்டது. இதில் பொதுக் கட்டு என்பதே இல்லை. ஆடுகிறவர் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு கட்டைத் தாமே சேர்த்துக்கொண்டு வரவேண்டும். இதுவரை அச்சாகியிருக்கும் சீட்டு வகைகள் இருபதாயிரத்துக்கும் மேல். அவற்றிலிருந்து குறைந்தது 60 சீட்டுகளைப் பொறுக்க வேண்டும். சாதாரண நிலச் சீட்டுகள் தவிர எந்த ஒரு சீட்டும் நான்குக்கு மேல் இருக்கக் கூடாது. அப்புறம் என்ன? அரிய சீட்டுக்கு அரிய விலை. 'பிளாக் லோட்டஸ்' என்ற சீட்டில் முதல் பதிப்புப் பிரதி ஒன்று 2021-இல் ஐந்து லட்சத்துப் பதினோராயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. அது கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கிற சீட்டு என்று தள்ளிவிட்டாலும், வாராவாரம் கடைகளில் ஆடுகிற நல்ல கட்டுகளே பல நூறு டாலர் பெறும்.

2023-ஆம் வருஷம் நான் சியாட்டில் நகருக்கு அருகே மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அந்த ஊர்ப் பக்கம்தான் இந்த ஆட்டத்தை வெளியிடுகிற கம்பெனியும் இருக்கிறது. என் பேரனுக்கு அப்போது பதினாலு வயது. மாப்பிள்ளைக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வருஷம் அங்கே பல வீடுகளில் நடந்ததுதான் இது. வீட்டில் யாரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை. ஆனால் ஹோட்டலுக்குப் போவது நின்றது. வாரத்துக்கு இரண்டு தடவை வந்துகொண்டிருந்த வேலைக்காரி வருவதில்லை. சேமிப்பு என்பதும் ஒரு சீட்டுக்கட்டைப் போலத்தான். புதிதாக ஒன்றும் சேராமல், விடிந்தால் ஒரு சீட்டு குறைகிறது. பிள்ளைகளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பேரனிடம் பிறந்தநாளுக்கு வந்த இருபது டாலர் இருந்தது. அதற்குள் ஒரு கட்டு சேர்த்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் ஆடுகிறவர்களோடு ஆடவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டான். ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் கணக்கு. எதிரே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கு, ஆட்டத்தின் விதிகளைச் சொல்லிக்கொடுத்தான்.

இரண்டு பேருக்கும் தலைக்கு 20 உயிர். கையில் 7 சீட்டு. முறை வரும்போது கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்கவேண்டும். நிலச் சீட்டை இறக்கினால் சக்தி பிறக்கும். அந்தச் சக்தியைச் செலவிட்டுப் பூதங்களையும் நாகங்களையும் ஏவி எதிராளியின் 20 உயிரையும் பறிக்கவேண்டும். இன்னும் எடுக்காமல் குப்புற வைத்திருக்கும் கட்டுக்கு இந்த ஆட்டத்தில் 'நூலகம்' என்று பெயர். செலவான சீட்டு போய்ச் சேருமிடம் 'கல்லறை'. நூலகத்திலிருந்து நேரே கல்லறை! எழுத்துத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழக்கமான பாதைதான் என்று எண்ணிக்கொண்டேன்.

"பாட்டி, பூதத்துக்குப் பூதம்னு நிக்கணும்னா காசு வேணும். என்கிட்ட இருக்கறதுக்கு அந்த வழி சரிப்படாது" என்றான் பேரன். "ஆனா இன்னொரு விதி இருக்கு. சீட்டு எடுக்கவேண்டிய நேரத்தில கட்டு காலியா இருந்தா, அவன் தோத்தான்."

இந்த விதி ஆட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஆட்டம் முடிவில்லாமல் போகாதிருக்கப் போட்ட வேலி அது. பெரும்பாலோர் அந்த வேலி வரை போவதே இல்லை. பாதிக் கட்டு மீதியிருக்கும்போதே ஒருவருக்கு உயிர் போய்விடும். பேரனுடைய யோசனை, எதிராளியின் உயிரைத் தொடவே கூடாது, அவன் நூலகத்தை அள்ளி அள்ளிக் கல்லறையில் கொட்டிக் காலி செய்துவிட வேண்டும் என்பது. இது அவனாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1994-இல் வந்த 'மில்ஸ்டோன்' என்ற சீட்டிலிருந்து இந்த உபாயத்துக்கே 'மில்' என்று பெயர் வந்தது. மில்ஸ்டோன் என்றால் நம் திருகைக்கல். ஆடுகிறவர்கள் பேச்சுவழக்கில் 'அரைக்கிறது' என்று சொல்லிச் சொல்லி, 2020-இல் கம்பெனியே அந்தச் சொல்லைச் சீட்டுகளில் அச்சிடத் தொடங்கிவிட்டது.

எனக்கு இந்த உபாயம் புதிதாகத் தோன்றவில்லை. பல்லாங்குழியில் வேறென்ன செய்தோம்? எதிராளியை அடிப்பதா, வெட்டுவதா? அவளுடைய முத்துகள் நம் பக்கம் வந்துகொண்டேயிருக்கும். அடுத்த ஆட்டத்தில் அவளால் ஏழு குழியையும் நிரப்ப முடியாது. ஐந்து நிரம்பும், பிறகு மூன்று. கடைசியில் ஒரு குழிக்கும் முத்து இல்லாதபோது பலகையை மூடிவிடுவோம்.

பையனின் கணக்கைச் சொல்கிறேன். 60-இல் கைக்குப் போனது 7; மீதி 53. அந்த 53-ஐத் தீர்க்கவேண்டும். 'டோம் ஸ்கவர்' என்ற சீட்டு ஒரே சக்தியில் 5 சீட்டை அரைக்கும். 'மைண்ட் ஸ்கல்ப்ட்' இரண்டு சக்தியில் 7-ஐ அரைக்கும். இரண்டும் கடையில் அட்டைப்பெட்டியில் கொட்டிக் கிடக்கிற சாமானியச் சீட்டுகள், சில்லறைக் காசு. 'மெர்ஃபோக் சீக்ரெட்கீப்பர்' ஒரே சீட்டாக வந்து இரண்டு வேலை செய்யும்: முதலில் மந்திரமாக 4 சீட்டை அரைத்துவிட்டு, பிறகு காவல்காரியாக வாசலில் நின்று அடியைத் தாங்கும். கட்டின் உயிர்நாடி ஒரு நண்டு. 'ரூயின் கிராப்' என்று பெயர். அப்போது ஒரு டாலருக்குள் கிடைத்தது. அது யாரையும் கடிக்காது. நாம் ஒரு நிலத்தை இறக்கும்போதெல்லாம் எதிராளியின் கட்டிலிருந்து 3 சீட்டை அரைக்கும், அவ்வளவுதான்.

நண்டு வந்ததும் நிலத்தின் மதிப்பே மாறிவிடுகிறது. சில நிலச் சீட்டுகளுக்கு ஒரு குணம்: இறக்கிய நிலத்தைத் தியாகம் செய்து, கட்டிலிருந்து வேறொரு நிலத்தைத் தேடி எடுத்து இறக்கிக்கொள்ளலாம். ஒரே சீட்டில் நிலம் இரண்டு முறை இறங்குகிறது. நண்டு இரண்டு முறை அரைக்கிறது. 3 என்பது 6 ஆகிறது. இந்த இனத்தில் பெயர்பெற்ற சீட்டு ஒவ்வொன்றும் அப்போது பதினைந்து, இருபது டாலர் விற்றது. ஆனால் 'எவால்விங் வைல்ட்ஸ்' என்ற ஏழைச் சகோதரி ஒருத்தி உண்டு. அவள் கொண்டுவரும் நிலத்தை அந்த முறைக்குப் பயன்படுத்த முடியாது. அடுத்த முறைவரை பொறுத்திருக்கவேண்டும். அது ஒன்றுதான் குறை. நண்டுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. நிலம் இறங்கினால் போதும், 3.

24 நிலம், 16 அரைக்கும் சீட்டு, 20 காவல் சீட்டு. மொத்தச் செலவு பத்தொன்பது டாலரும் சில்லறையும்.

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். அவனுக்கு வாய்த்த எதிராளி முப்பது வயதிருக்கும் ஓர் இளைஞர்; நல்ல மனிதர், விலையுயர்ந்த கட்டு. நண்டு இறங்கியதும் சிரித்தார். நான்காவது முறையில் அரைபட்ட சீட்டுகளோடு அவருடைய மிகப் பெரிய நாகம் ஒன்று கல்லறையில் விழுந்தது. "ஐயோ!" என்கிற சப்தம் எந்தப் பாஷையிலும் ஒன்றுதான். அதற்குப்பின் அவர் தம் கையைப் பார்க்கவில்லை, கல்லறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஏவினார், காவல்காரிகளிடம் முட்டிக்கொண்டார். ஒன்பதாவது முறையில் அவருடைய நூலகத்தில் சீட்டு இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "பாவம், அவருடைய நல்ல சீட்டெல்லாம் போயிற்றே" என்றேன்.

"போகலை பாட்டி. கட்டை நல்லாக் கலைச்சிருக்கு. எந்தச் சீட்டு எங்கேன்னு யாருக்கும் தெரியாது. மேலே இருக்கிற பத்தை எடுத்துக் கல்லறையில போட்டாலும் ஒண்ணுதான், அடியில வெச்சாலும் ஒண்ணுதான். அடுத்தாப்பல நல்ல சீட்டு வர்றதுக்கு எவ்வளவு சான்ஸ் இருந்ததோ, அவ்வளவு இன்னும் இருக்கு. கடைசிச் சீட்டுத் தீரும்வரை அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கண்ணால பார்த்துட்டார், அதான்."

நான் அன்று இரவு வெகு நேரம் இதை யோசித்துக்கொண்டிருந்தேன். சாதாரணமாக ஆடி முடிக்கும் ஆட்டத்தில் கட்டின் அடியிலேயே தங்கிவிட்ட முப்பது சீட்டுகளுக்காக யாரும் அழுவதில்லை. அந்த நாகம் அங்கேயும் இருந்திருக்கலாம். கையில் வராமலே போனதற்கு மனம் வருந்துவதில்லை. கண்ணெதிரே விழுந்ததற்குத்தான் வருந்துகிறது. மாப்பிள்ளை அந்த நாட்களில் மேஜையில் உட்கார்ந்து, போன வேலையின் சம்பளத்தையும், அது இருந்திருந்தால் இந்த வருஷம் வந்திருக்கும் போனஸையும் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார். அடுத்த சீட்டு எதுவாக இருக்கும் என்பதற்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை. இதை அவரிடம் நான் சொல்லவில்லை. வேலை போன மனிதரிடம் மாமியார் சொல்லக்கூடிய தத்துவம் அல்ல அது.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே இளைஞர் தம் கட்டில் ஒரு சீட்டை மாற்றிக்கொண்டு வந்தார். 'காயாஸ் பிளெஸ்ஸிங்' என்று பெயர். 1997-இல் முதலில் வந்தது. நூலகத்திலிருந்து அது கல்லறையில் விழுந்தால், கல்லறை முழுவதையும் திரும்பக் கட்டோடு சேர்த்துக் கலைத்துக்கொள்ளலாம். பேரன் முப்பது சீட்டுக்கு மேல் அரைத்துவிட்டான். அந்தச் சீட்டு விழுந்தது. முப்பதும் எழுந்து வீடு திரும்பின. மூவேந்தர் முற்றுகையிட்ட பாரியின் பறம்பு மலைதான் என் நினைவுக்கு வந்தது. உழாமலே மூங்கிலரிசியும் பலாவும் கிழங்கும் தேனும் விளைகிற மலையைப் பட்டினி போட்டுப் பிடிப்பது எப்படி?

பையன் தோற்றான். ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இந்தச் சீட்டு ஒண்ணும் விலை ஜாஸ்தி இல்லை பாட்டி. ஒரு வாரமா என் கட்டைப்பற்றி யோசிச்சிருக்கார்" என்றான். தன்னிடம் தோற்கவைத்ததைவிட, தன்னை நினைத்து ஒருவரை வாரம் முழுவதும் யோசிக்கவைத்ததுதான் அவனுக்குப் பெரிதாகப்பட்டது. காசில்லாதவன் மேஜைக்கு எதிரே உட்காரும்போது கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்: என்னை ஓர் ஆளாக மதித்து ஆடு.

நான் ஊர் திரும்பும் முன்பே மாப்பிள்ளைக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. முன்னைவிடச் சம்பளம் கொஞ்சம் குறைவு. முதல் சம்பளம் வந்த அன்று பேரனைக் கூப்பிட்டு, அந்த விலை உயர்ந்த நிலச் சீட்டுகள் நாலு வாங்கித் தரட்டுமா என்று கேட்டார். அவன் தகப்பனாரை ஒரு நிமிஷம் பார்த்தான்.

"வேண்டாம்ப்பா. எப்படியும் நண்டுக்கு மூணுதான். அதுக்கு எண்பது டாலர் எதுக்கு?"

கணக்கு பார்த்துச் சொன்னானா, தகப்பனார் முகம் பார்த்துச் சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. சில சீட்டுகளைக் குப்புறவே இருக்க விடுவதுதான் மரியாதை.