வன்னியிலே தங்குவது எங்கே?

பிரயாணம் செய்வோர் எங்கே போவது என்பதைப் பல நாட்கள் ஆராய்வர். எங்கே தங்குவது என்பதையோ இறுதி நேரத்தில் ஐந்து நிமிடத்திலே முடிவுசெய்துவிடுவர். விடுமுறையின் இன்பமும் துன்பமும் பெரும்பாலும் இந்த ஐந்து நிமிடத்திலேதான் அடங்கியிருக்கின்றன. நாற்பது வயதைக் கடந்து, மாணவருக்குப் பாடஞ் சொல்லும் தொழிலில் இருக்கும் நான், இச்சிறிய பாடத்தை 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலேதான் படித்தேன்.

என் தமக்கையார் கனடாவிலே வாழ்பவர். 1995 இல் மணமாகிச் சென்றவர், இருபத்தொன்பது ஆண்டுகளின் பின் கணவருடனும் இரு பிள்ளைகளுடனும் வன்னிக்கு வர விரும்பினார். எங்கள் சொந்த ஊர் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளை. அங்கிருந்த வீடு 2009 இல் அழிந்துவிட்டது. நான் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலிருந்து வெளிவந்தபின் வவுனியாவிலேயே குடியிருந்துவிட்டேன். அம்மா காலமானதும் வவுனியாவிலேதான்.

“தம்பி, பத்து நாள் நிற்பம். எங்கே தங்கிறது எண்டு நீயே பாத்துச் சொல்லு” என்றார் அக்கா தொலைபேசியில். என் வீடோ இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. ஐவருக்கு அதில் இடமில்லை. ஆகவே ஒரு தாளை எடுத்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என மூன்று பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் குணத்தையும் குறையையும் எடைபோடலானேன். அந்த ஆராய்ச்சி இங்கு வர எண்ணியிருக்கும் குடும்பங்களுக்கும் பயன்படலாம்.

முதலிலே வவுனியா. கொழும்பிலிருந்து வருவோருக்கு வன்னியின் தலைவாசல் இதுவே. புகையிரதம், பேருந்து, பெரிய வைத்தியசாலை, வங்கிகள், எல்லாத் தரத்திலும் விடுதிகள் யாவும் இங்கு உண்டு. இந்நகரின் பகுதிகளுடைய பெயர்களைக் கேட்டாலே இது குளங்களின் ஊர் என்பது விளங்கும்: வைரவபுளியங்குளம், இறம்பைக்குளம், பண்டாரிகுளம், கோவில்குளம். கடைத்தெருவுக்கு அருகே தங்கினால் உணவுக்கும் மருந்துக்கும் அலையவேண்டியதில்லை. ஆனால் விடியற்காலையிலேயே பேருந்துகளின் ஒலி துயிலெழுப்பிவிடும். அமைதி வேண்டுவோர் புகையிரத நிலையத்தை அடுத்த வைரவபுளியங்குளத்தையோ, குருமன்காட்டையோ நாடலாம். பண்டாரவன்னியனின் சிலையையும், தொல்பொருள் நூதனசாலையையும், கோவில்குளத்து அகிலாண்டேஸ்வரர் ஆலயத்தையும் ஒரு நாளிலே ஆறுதலாகப் பார்த்துவிடலாம்.

இரண்டாவது கிளிநொச்சி. வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியாக வடக்கே ஏறக்குறைய 75 கிலோமீற்றர். இடையிலே முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போவது இவ்வழிப் பயணிகளின் மாறாத வழக்கம். யாழ்ப்பாணத்து நெருக்கத்தையும் வேலையில்லாக் குறையையும் தணிப்பதற்காக 1936 ஆம் ஆண்டளவில் தொடங்கிய குடியேற்றத்தால் வளர்ந்த நகரம் இது. 1984 இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2013 ஆம் ஆண்டு செப்டெம்பரில் மீண்டும் இந்நகருக்கு வந்தது.

இங்கு தங்குவோர் ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். விடுதிகள் பல கண்டி வீதியின் ஓரத்திலேயே உள்ளன. இரவு முழுவதும் பாரவண்டிகள் ஓடும். வீதியை விட்டு உள்ளே, கனகபுரம், திருநகர் போன்ற பகுதிகளிலே இடம் கிடைத்தால் நன்று. மாலையில் இரணைமடுக் குளக்கட்டிலே நின்றால் வீசும் காற்றுக்கு விலையில்லை. கனகராயன் ஆறு கொண்டுவரும் நீரைத் தேக்கிவைத்திருக்கும் அக்குளமே கிளிநொச்சி வயல்களுக்கு உயிர். ஓகஸ்டிலே வந்தால் சிறுபோக அறுவடையையும் காணலாம். யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று திசைக்கும் போய்வர நினைப்போருக்கு இதுவே நடுவிடம்.

மூன்றாவது முல்லைத்தீவு. ஒருபுறம் கடல், மறுபுறம் நந்திக்கடல், பின்னே காடும் வயலும். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 இல் ஆழிப்பேரலையும், 2009 இல் இறுதிப் போரும் இவ்வூரைச் சிதைத்தன. தங்கும் இடங்கள் இங்கு குறைவு. முன்கூட்டியே சொல்லி வைக்காவிடில் அலைய நேரிடும். மாலையாகிவிட்டால் பேருந்தும் அரிது. “நுளம்பு அதிகம், பகலில் வெயில், இரவில் ஓர் அவசரமென்றால் தூரம்” என்று நான் என் தாளிலே எழுதினேன்.

முடிவு வவுனியா என்றே அமைந்தது. அக்காவுக்கும் அறிவித்தேன். “நீ சொன்னால் சரி” என்றார். குளிரூட்டிய இரண்டு அறைகள், நல்ல குளியலறை, கீழே உணவுச்சாலை. குறை சொல்ல எதுவுமில்லை.

குறை மூன்றாம் நாளிலே தெரிந்தது. மாங்குளம் வழியாக முள்ளியவளைக்கு ஒருவழிக்கே ஏறக்குறைய 90 கிலோமீற்றர். காலை ஒன்பதுக்குப் புறப்பட்டு, வழியிலே ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரை வணங்கி, ஊரை அடையும்போது உச்சி வெயில். தெருவிலே ஒரு மனிதர் இல்லை. எங்கள் வளவிலே வீடிருந்த இடத்தில் பற்றை. கிணறு மட்டும் எஞ்சியிருந்தது. பிள்ளைகள் வாகனத்தைவிட்டு இறங்க விரும்பவில்லை. அக்கா கிணற்றுக் கட்டைத் தொட்டபடி நின்றார். சாரதி நேரத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். இருட்டுமுன் திரும்பவேண்டுமல்லவா? இருபத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்து வந்தவருக்கு நாங்கள் கொடுத்தது நாற்பது நிமிடம்.

திரும்பும் வழியிலே அக்கா பேசவில்லை. புளியங்குளம் தாண்டியபின் மெல்லக் கேட்டார்: “தம்பி, நீ இங்கை ஒரு நாளும் இரவு தங்கினதில்லையோ?”

நான் விடை சொல்லவில்லை. 2009 இன் பின் ஊருக்குப் பல தடவை போயிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் பொழுது சாயுமுன் பேருந்தேறிவிடுவேன். இருளிலே அந்த மண்ணிலே படுத்தால் பழைய ஒலிகள் கேட்குமென்ற பயம். நுளம்பு, வெயில், தூரம் என்று தாளிலே எழுதினேனே, அவையாவும் மெய்தான். எனினும் வசதி என்னும் சொல்லுக்குள்ளே என் அச்சத்தையே ஒளித்துவைத்திருந்தேன். என் அச்சத்துக்கு ஏற்ற விடுதியைத் தேடி, அதனை அக்காவின் தலையிலே சுமத்திவிட்டேன்.

மறுநாள் விடுதி அறைகளை ஒப்படைத்தோம். பக்கத்து வளவிலே மீளக் குடியேறியிருந்த மாமிக்குச் செய்தி அனுப்பினோம். இந்திய வீட்டுத் திட்டத்திலே கட்டிய அவருடைய சிறு வீட்டில் இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் உண்டு. “விடுதிக்கு என்னத்துக்குக் காசு குடுத்தனீங்கள்? எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே” என்று கோபித்துக்கொண்டார் மாமி. மின்விசிறி ஒன்றே. ஆண்கள் விறாந்தையிலே பாய் விரித்துப் படுத்தோம்.

பகலில் ஆளற்றுக் கிடந்த அவ்வூர் மாலை ஐந்து மணிக்கு உயிர்பெற்றது. மாடுகள் திரும்பின. பிள்ளைகள் துவிச்சக்கர வண்டியிலே ரியூசன் வகுப்புக்குப் போயினர். அக்கா வந்திருக்கிறார் என்றறிந்து அவருடன் ஒன்றாகப் படித்தவர்கள் ஒவ்வொருவராக வந்தனர். பிழைத்தவர் யார், இல்லாதவர் யார் என்ற கணக்கு நள்ளிரவு வரை நடந்தது. அழுகையும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. எங்கள் வளவிலே அம்மா எங்கே துளசி வைத்திருந்தார் என்பதை அக்கா தம் மகளுக்கு விளக்கொளியிலே காட்டினார். இறங்க மறுத்த அந்தப் பெண் மறுநாள் காலையிலே, மாமி வாளியால் நீர் அள்ளுவதைப் பார்த்துத் தானும் அள்ளக் கற்றுக்கொண்டாள்.

அன்றிரவு எனக்குப் பழைய ஒலி எதுவும் கேட்கவில்லையென்று சொன்னால் அது பொய்யாகும். கேட்டது. ஆனால் பக்கத்திலே அத்தானின் குறட்டையும் கேட்டது. விடியுமுன் கோயில் மணியும் கேட்டது. ஆறு நாட்கள் அங்கேயே தங்கினோம்.

ஒரு காலையிலே வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஆலயத்துக்குப் போனோம். வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரிலே விளக்கெரியும் திருத்தலம் அது. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து தங்கிய இடங்களில் இது பத்தாவது. ஆகையால் ‘பத்தாப்பளை’ என்றிருந்த பெயரே வற்றாப்பளையாயிற்று என்பது ஐதிகம். இதனைக் கேட்ட மருமகன், “அப்ப கண்ணகிக்கும் எங்கே தங்கிறது எண்டு கண்டுபிடிக்கப் பத்துத் தரம் தேவைப்பட்டிருக்கு, மாமா” என்றான். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பிலே எனக்கு ஓர் ஆறுதலும் இருந்தது.

வன்னிக்கு வர விரும்பும் அன்பர்களுக்கு நான் கூறுவது இதுதான். விலையையும் விசிறியையும் விசாரிக்குமுன், எதனைப் பார்ப்பதற்காக வருகிறோம் என்று உங்களையே கேளுங்கள். முதியோரும் நோயாளரும் உடன்வரின் வவுனியா தக்கது. பல திசையும் சுற்றிப் பார்ப்பதற்குக் கிளிநொச்சி தக்கது. கடலையும் நந்திக்கடலையும் காண வருவோர் முல்லைத்தீவில் ஓரிரவாவது தங்குதல் வேண்டும். உறவைத் தேடி வருவோரோ, அந்த உறவு இருக்கும் ஊரிலேயே, பாயிலே படுக்க நேர்ந்தாலும், தங்கவேண்டும். எந்த ஊரும் தன் முகத்தை உச்சிப் பொழுதிலே காட்டுவதில்லை; மாலையிலும் விடியலிலுமே காட்டும். ஒன்று மட்டும் மறவாதீர்கள்: பங்குனி முதல் புரட்டாதி வரை வெப்பம் மிகுதி, ஐப்பசி முதல் மார்கழி வரை மழை மிகுதி. நுளம்பு வலை எக்காலத்திலும் வேண்டும்.

அக்கா போனபின், தைப்பொங்கல் விடுமுறையிலே நான் தனியாக முள்ளியவளைக்குச் சென்று இரண்டு இரவு தங்கினேன். வளவைத் துப்புரவாக்கி, மழைக்குப் பின் நீர் வற்றத் தொடங்கியதும் ஆள் பிடித்துக் கிணற்றை இறைத்தேன். அடியிலே சேறும் ஓடும் உடைந்த வாளியொன்றும் வந்தன. பின்னர் தெளிந்த நீர் ஊறியது. மறுமுறை வருவது பற்றி அக்கா அண்மையிலே தொலைபேசியில் பேசினார். எங்கே தங்குவது என்று இம்முறை அவர் கேட்கவில்லை.