இன்று வரவில்லை

என் வேலையின் பெயரைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும்: விலங்குத் தூதர் திட்டத்தின் மேலாளர். ஏதோ வெளியுறவுத் துறையில் இருப்பது போல. இருப்பதென்னவோ அமெரிக்காவின் மத்திய மேற்கில், சோளக்காடுகள் சூழ்ந்த ஒரு நடுத்தர நகரத்தின் ஜூவில். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எதுவும் என் கையில் இல்லை. உணவுக்கூடத்துக்குப் பின்னால், பார்வையாளர் கண்ணில் படாத ஒரு தாழ்ந்த கட்டடம்தான் என் ராஜ்ஜியம். அங்கே பால் பைத்தான் பாம்புகள் இரண்டு, மூன்று பட்டை ஆர்மடில்லோ ஒன்று, முள்ளெலிகள், நீலநாக்கு அரணை, சிறகு முறிந்து காட்டுக்குத் திரும்ப முடியாமல் போன ஒரு வெண்கூகை, அப்புறம் மடகாஸ்கரின் சீறும் கரப்பான்கள். கரப்பான்களின் எண்ணிக்கை மட்டும் யாருக்கும் சரியாகத் தெரியாது.

இவற்றைப் பெட்டியில் வைத்துப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் கொண்டுபோய், ஆட்களுக்குக் காட்டி, சிலவற்றை முதுகில் இரண்டு விரலால் தொடவும் விட்டு, எல்லோரையும் கை கழுவ வைத்துத் திரும்பக் கொண்டுவருவதுதான் திட்டம். இங்கே உயிரியல் பூங்காக்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஏ.இசட்.ஏ. என்ற சங்கம் இவற்றைத் ‘தூதர் விலங்குகள்’ என்கிறது. தூதர் என்றால் ஒரு நாடு அனுப்பி வைத்தவர். எங்கள் ஆர்மடில்லோவை யாரும் அனுப்பவில்லை. அதன் இனம் பொலிவியா, பராகுவே, அர்ஜென்டினா பக்கத்து வறண்ட காடுகளைச் சேர்ந்தது. அது பிறந்தது இங்கேயே, இன்னொரு ஜூவில். சொந்த நாட்டைப் பார்த்தேயிராத தூதர்.

வேலை கிடைத்த புதிதில் மதுரைக்கு போன் போட்டு அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கிளி ஜோசியக்காரன் பாக்குற வேலைதானடி இது?" என்றார். "அவன் ஒரு கிளிய வச்சுப் பொழைக்கிறான். நீ பத்துப் பதினஞ்சு வச்சிருக்க."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க அம்மா சொன்னதில் விஷயம் இருந்தது. கிளி ஜோசியத்தை உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கூண்டுக் கதவைத் திறந்ததும் கிளி தானாக நடந்து வரும். சீட்டை எடுக்கும். ஒரு நெல்மணி கிடைக்கும். தானாகவே உள்ளே போய்விடும். யாரும் அதைப் பிடித்துத் தள்ளுவதில்லை. இரண்டு வருடம் பணம் கட்டிப் படித்து நான் கற்றுக்கொண்ட பயிற்சிமுறையும் அதேதான். நெல்லுக்குப் பதில் மாவுப்புழு. பச்சைக்கிளியை வைத்திருப்பது 1972ஆம் வருடத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதன் சிறகை வெட்டியிருப்பார்கள் என்பதெல்லாம் சரி. எங்கள் கூகையாலும்தான் பறக்க முடியாது. அப்புறம் எதில் வித்தியாசம்? ஒன்பது வருடமாக இந்தக் கேள்வி என்னோடு சேர்ந்து வேலைக்கு வருகிறது.

உருண்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பால் பைத்தானுக்கு அந்தப் பெயர் வந்ததே, பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால்தான். முள்ளெலியும் சுருளும். இவர்களுக்கெல்லாம் மேல் எங்கள் மூன்று பட்டை ஆர்மடில்லோ. தலையின் ஓடும் வாலின் ஓடும் அக்கம்பக்கமாகப் பொருந்தி, முழு உருண்டையாக மூடிக்கொள்ளும். ஆர்மடில்லோக்களில் எத்தனையோ வகை இருந்தாலும் இப்படி முழுசாக மூடிக்கொள்ள மூன்று பட்டைக்காரர்களால் மட்டும்தான் முடியும். (நம் ஊர் அழுங்கும் சுருளும். ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய சொந்தம் கிடையாது.)

மேடையில் இது உருண்டையானால் கூட்டம் உருகிவிடும். "ஐயோ, எவ்ளோ க்யூட்!" நான் சேர்ந்தபோது எங்கள் நிகழ்ச்சியின் உச்சகட்டமே அதுதான், கையாள்பவர் அதை உள்ளங்கையில் வைத்து, உருண்டையாகும்வரை காத்திருந்து, கூட்டத்தின் முன் நீட்டுவார். கைதட்டல். அது தூங்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. காட்டில் தன்னைத் தின்ன வரும் மிருகத்தின் முன் செய்வதைத்தான் நாற்பது குழந்தைகள் முன்னால் செய்துகொண்டிருந்தது. அதன் மொழியில் ‘வேண்டாம்’ என்பதற்கு வேறு சொல் இல்லை. நாம்தான் அதற்குக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

பொறுப்பு என்னிடம் வந்ததும் முதலில் மாற்றியது அதை. உருண்டையானால் நிகழ்ச்சி அங்கேயே முடிந்தது. பெட்டிக்குள் வைத்துவிட்டு, படத்தைக் காட்டிப் பேச வேண்டும். தன்னார்வலர்கள் முகம் சுளித்தார்கள். "குழந்தைங்க ஏமாந்துபோவாங்களே." ஏமாந்தார்கள்தான். ஆனால் "அதுக்குப் பயமா இருக்கு, அதனால உள்ள போகுது" என்று சொன்னால் ஆறு வயதுக் குழந்தைக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது. பெரியவர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது பதிவேடு. ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தாள். காலையில் கிராம் கணக்கில் எடை. எங்கே போனது, எவ்வளவு நேரம், யார் கையாண்டது, என்ன செய்தது. பாம்பு என்றால் தோல் உரிக்கும் பருவமா, இரை எடுத்து எத்தனை நாள் ஆயிற்று. கூகை என்றால் 2022இல் பறவைக் காய்ச்சல் பரவியதிலிருந்து பாதி நாள் வெளியே போகவே இல்லை. முக்கியமான பத்தி ஒன்று உண்டு. கிளம்பும் முன் பெட்டியின் கதவைத் திறந்து கூண்டுக்குள் வைப்போம். இரண்டு நிமிடம். தானாக ஏறினால் போகும். ஏறாவிட்டால், தமிழில் சொல்வதானால், ‘இன்று வரவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்ததன் கதவைத் திறக்க வேண்டும்.

கிளி ஜோசியரிடமிருந்து நான் விலகும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அவரும் கிளியை அடிப்பதில்லை. பல பேர் பிள்ளை மாதிரிதான் வளர்க்கிறார்கள். ஆனால் அவரிடம் ஒரே ஒரு கிளி. அது வரமாட்டேன் என்றால் அவருக்கு அன்றைக்குச் சோறில்லை. அப்போது அது வந்தே தீர வேண்டும். என்னிடம் மாற்று இருக்கிறது, அதனால் ஆர்மடில்லோ வராமல் இருக்கலாம். அவரைவிட நான் நல்லவள் என்றெல்லாம் இல்லை. என்னிடம் காசு இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் காசுக்காக வருடாவருடம் சண்டை போட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு நிகழ்ச்சி என்றால் குறைந்தது நான்கு விலங்கு தயாராக இருக்க வேண்டும். அவற்றுக்குக் கூண்டு, மருத்துவர், ஆள். கணக்கு பார்ப்பவர் ஒரு கூட்டத்தில் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாதி விலங்கு சும்மாதானே இருக்கு?" என்றார். "சும்மா இருக்கத்தான் இருக்கு" என்றேன். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

பெரிய ஜூக்களின் கதை வேறு. சின்சினாட்டியில் கேத்ரின் ஹில்கர் 1980இல் தொடங்கிய திட்டத்தில் சிவிங்கிப்புலிகளே தூதர்கள். அங்கிருந்த சாரா 2012இல் 100 மீட்டரை 5.95 நொடியில் ஓடியது. அவ்வளவு வேகமான மிருகம் கூச்சம் பிடித்தது என்பதால் குட்டியிலிருந்தே நாயோடு சேர்த்து வளர்க்கிறார்கள். நாய் நிதானமாக இருந்தால் புலியும் நிதானமாக இருக்கும். எங்களுக்கு அந்த வசதியும் புகழும் கிடையாது. கரப்பானுக்கு யார் துணைக்கு நாய் தருவார்கள்?

2023 மே மாதம் மயாமி ஜூவின் ஒரு காணொளி பரவியது. பாஓரா என்ற கிவிப் பறவையை, கட்டணம் கட்டியவர்கள் பளீரென்ற வெளிச்சத்தில் சுற்றி நின்று தடவுகிறார்கள். கிவி இரவில் நடமாடும் பறவை. நியூசிலாந்தே கொதித்தது. ஜூ மன்னிப்புக் கேட்டு அந்தச் சந்திப்பையே நிறுத்தியது. நான் அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் யாருமே கெட்டவர்களாகத் தெரியவில்லை. பறவைமேல் பிரியமாகத்தான் கை வைக்கிறார்கள். அந்த வாரம் எங்கள் நிர்வாகம் பயந்துபோய், "நம்ம விதிமுறை என்ன?" என்று கேட்டது. அந்தப் பயம் ஆறுவதற்குள் என் விதிகளை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். ஒரு வாரத்தில் மூன்று முறை பெட்டியில் ஏறாத விலங்குக்கு ஒரு மாதம் ஓய்வு. யார் கேட்டாலும்.

அடுத்த இலையுதிர் காலத்தில் அந்த ‘யார் கேட்டாலும்’ சோதனைக்கு வந்தது. நன்கொடையாளர்களுக்கு ஒரு விருந்து. ஜூவின் விளம்பரப் பதாகையில் இருப்பது எங்கள் ஆர்மடில்லோ. பெரிய தொகை தருபவரின் பேத்திக்கு அதைத்தான் பார்க்க வேண்டுமாம். ஆனால் அந்த வாரம் அது மூன்று முறை ஏறவில்லை. மருத்துவர் பார்த்துவிட்டார், எடை அதே ஆயிரத்து நானூறு கிராம், பல், நகம், ரத்தம் எல்லாம் சரி. வயது பதினான்கு. வரப் பிடிக்கவில்லை, அவ்வளவே.

நன்கொடைப் பிரிவிலிருந்து போன் வந்தது. "பத்து நிமிஷம்தான்."

"விதி இருக்கு."

"தூக்கிட்டு வந்துடலாமே. ஒன்றரைக் கிலோகூட இல்லையே அது."

அதுதான் எனக்கும் வேண்டிய வாதம். சிங்கம் வரமாட்டேன் என்றால் யாரும் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை. ஒன்றரைக் கிலோகூட இல்லாத ஒன்றின் மறுப்பை யார் வேண்டுமானாலும் ஒரு கையால் அள்ளிவிடலாம். அதைக் காப்பாற்ற ஒரு தாளும் ஒரு கையெழுத்தும்தான் இருக்கிறது. விதிமுறைத் தாளை மறுபடி மின்னஞ்சலில் அனுப்பினேன். விருந்துக்குக் கரப்பான்களை எடுத்துக்கொண்டு போனேன்.

வெள்ளைத் துணி விரித்த மேசையில் மடகாஸ்கர் கரப்பான். இரண்டு பெண்மணிகள் நாற்காலியை மாற்றிக்கொண்டார்கள். பேத்தி மட்டும் நகரவில்லை. உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, அது சீறியதும், "வாயில இருந்தா வருது சத்தம்?" என்று கேட்டாள். வயிற்றின் பக்கத்தில் இருக்கிற மூச்சுத்துளை வழியாகக் காற்றைத் தள்ளுகிறது என்றேன். தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தாத்தாவுக்குச் சிரிக்க முடியவில்லை. அடுத்த வசந்தத்தில் நான் கேட்டிருந்த இன்னொரு ஊழியர் பணியிடம் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தாளில் அதே வரிதான் வந்துகொண்டிருந்தது. அதை நிரந்தரமாகப் பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்று முடிவு செய்தேன். நன்கொடைப் பிரிவைவிட அதைக் கடினமாக்கியது எங்கள் தன்னார்வலர் ஒருவர். பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். பதினொரு வருடமாக வாரம் இரண்டு நாள் இந்த ஆர்மடில்லோவோடு ஊர் ஊராகப் போனவர். கணவர் இறந்த வாரத்தில்கூட வந்தார். "எங்கிட்ட வருவா" என்றார். "நான் கூப்பிட்டா வருவா. நீங்க சின்னப் பசங்கள அனுப்புறீங்க, அதான்."

சரி, நீங்களே திறங்கள் என்றேன். பெட்டியை வைத்துக் கதவைத் திறந்து தரையில் உட்கார்ந்தார். முட்டி வலி உள்ளவர். விதிப்படி இரண்டு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆர்மடில்லோ வைக்கோலிலிருந்து வந்தது. முன்னங்கால் நகங்களின் நுனியில் நடக்கும் அந்த விசித்திர நடையில், டக் டக்கென்று. அவர் கையிலிருந்து ஒரு புழுவைத் தின்றது. விரலை முகர்ந்தது. பெட்டியைச் சுற்றிக்கொண்டு வைக்கோலுக்கே போய்விட்டது.

இருபது நிமிடம் இருக்கும். அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தேன். தாளை எடுத்து எழுதப் போனபோது, "குடுங்க, நான் எழுதறேன்" என்று வாங்கி எழுதினார். எழுத்து பாலர் பள்ளிக் கரும்பலகை எழுத்து மாதிரி உருண்டையாக, பெரிதாக இருந்தது.

பட்டியலிலிருந்து எடுத்த பிறகும் அவர் வியாழக்கிழமைகளில் வருகிறார். கூண்டைச் சுத்தம் செய்கிறார், எடை பார்க்கிறார். பெட்டியை வெளியே எடுக்க மறந்துபோய் உள்ளேயே கிடந்தது. மூன்றாவது வாரம் என்னை வந்து கூப்பிட்டார். ஆர்மடில்லோ பெட்டிக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது, மல்லாக்க, நாலு காலையும் விரித்து.

"போகணும்னு இருக்குமோ?" என்றார் மெதுவாக.

"தெரியல" என்றேன். "பெட்டியில தூங்குதுன்னு எழுதுங்க."

எழுதினார். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பாம்புகளின் எடையைப் பார்க்கப் போனோம்.