கால் அங்குலத்தில் ஒரு குற்றாலம்

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் துண்டும் மாற்று உடையும் எடுத்துக்கொண்டு போவார்கள். சென்ற ஜூலையில் நான் ஒரு டேப்ரெக்கார்டர், இரண்டு மைக், ஆறு கேசட், ஒரு டஜன் பேட்டரி எடுத்துக்கொண்டு போனேன். துண்டை மறந்துவிட்டேன்.

வியாதி அப்படி. சென்னையில் என் வீட்டின் பத்துக்கு எட்டு அறையில் பழைய டேப் மிஷின்கள் மூன்று இருக்கின்றன. அந்த அறையை நான் 'ஸ்டூடியோ' என்பேன். என் மனைவி 'காயலான் கடை' என்பாள். ஆபீஸில் பக்கத்து சீட்காரர், "ஏன் சார், போன்லயே ரெக்கார்ட் பண்ணலாமே?" என்று மாதம் தவறாமல் கேட்பார். பண்ணலாம்தான். ஓட்டலில் சாப்பாடு கிடைக்கிறது என்பதற்காக யாராவது வீட்டில் உலை வைக்காமல் இருக்கிறார்களா?

இந்த வியாதி எனக்கு வந்தது தென்காசி மாமாவிடமிருந்து. அம்மாவின் அண்ணன். சர்க்கார் உத்தியோகத்தில் குப்பை கொட்டி, ரிட்டயர் ஆகி, இப்போது எண்பதை நெருங்குகிறார். 'சீசன் அமோகம். மிஷினோடு வா' என்று அவரிடமிருந்து தகவல் வந்ததும் லீவு லெட்டர் எழுதிவிட்டேன். காரணம்: வயிற்று வலி. (மேனேஜர் இதைப் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கைதான்!)

இரவு சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தென்காசி. ரயிலை விட்டு இறங்கும்போதே முகத்தில் சாரல். மாமா குடையோடு ஓடி வந்தார். நேராக வந்து குடையைப் பிடித்தது எனக்கல்ல, என் பைக்கு.

"மிஷின் நனையுதுடே! அறிவிருக்கா?"

"நானும் நனையறேன் மாமா."

"நீ காஞ்சிருவே. அது காயாது."

வழியில் காசி விஸ்வநாதர் கோயில். 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. ராஜகோபுரம் நெடுங்காலம் சிதைந்து கிடந்து, திருப்பணி முடிந்து 1990-ல் கும்பாபிஷேகம் கண்டது. அந்தக் கோபுர வாசலில் அடிக்கிற காற்று பிரசித்தம். செங்கோட்டைப் பக்கம் மலைத்தொடரில் இருக்கும் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்று, வேட்டி கட்டியவர்களை இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்தபடிதான் சாமி கும்பிட விடும். நான் ஆர்வத்தோடு மைக்கை நீட்டினேன். ஹெட்போனில் லாரி கியர் மாற்றுகிற சத்தம்தான் கேட்டது.

"காத்தை மைக்கில நேரா பிடிக்க முடியாதுடே" என்றார் மாமா. "அது எதிலயாவது மோதணும். கொடியில கிடக்க துணி, கோயில் மணி, தென்னை ஓலை... அந்தச் சத்தத்தைப் பிடி. காத்து தானா கேக்கும்."

மாமாவின் ஸ்டூடியோ ஒரு காலத்தில் நெல் குதிர் இருந்த அறை. சுவரெல்லாம் பழைய இலவம்பஞ்சு மெத்தை. "முட்டை அட்டை ஒட்டலையா மாமா?" என்று கேட்டேன். "அது கிசுகிசு சத்தத்தைத்தான் கொஞ்சம் தடுக்கும். தெருவில போற பஸ்ஸுக்கு மெத்தைதான் மருந்து" என்றார். மத்தியில் இரண்டு ஸ்பூல் மிஷின்கள், ஒரு கேசட் டெக். டேப் எல்லாம் இறுக மூடிய பிஸ்கட் டின்களில், மாத்திரை பாட்டிலில் வருமே, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், அதோடு சேர்ந்து தூங்கின. சாரல் ஊரில் டேப் வைத்திருப்பது, பூனை வளர்க்கிற வீட்டில் கருவாடு காயப் போடுவதைப் போல!

டேப் என்பது வேறொன்றுமில்லை சார். பிளாஸ்டிக் நாடா மேல் பசை, பசைக்குள் இரும்புத் துரு. ஸ்பூல் டேப்பின் அகலம் கால் அங்குலம். ஹெட் என்கிற மின்காந்தத்தை உரசிக்கொண்டு நாடா ஓட, துருத் துகள்கள் சத்தத்துக்கு ஏற்றபடி காந்தமாகி அப்படியே நின்றுவிடுகின்றன. 1935-ல் பெர்லின் ரேடியோ கண்காட்சியில் ஜெர்மன்காரர்கள் இப்படி ஒரு மிஷினைக் காட்டினார்கள். அமெரிக்காவில் பாடகர் பிங் கிராஸ்பி 1947-ல் தன் ரேடியோ நிகழ்ச்சியை டேப்பில் பதிந்து ஒலிபரப்ப ஆரம்பித்ததும் உலகமே அதன் பின்னால் ஓடியது. 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி அதைச் சட்டைப் பையில் போடுகிற கேசட்டாக்கியது. அப்புறம் நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர்கள்! பன்னிரண்டு பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, ஒரு ஸி-60 வாங்கிக் கொடுத்து, 'செவ்வாய்க்கிழமை வாங்க தம்பி' என்ற வார்த்தையை நம்பி ஒரு வாரம் தூங்காமல் இருந்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.

மிஷின் வைத்திருப்பது மாடு வைத்திருப்பது மாதிரி. தினம் கவனிக்க வேண்டும். ஹெட்டில் துருப் பொடி படியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும். (இந்தப் பெயரைப் பார்சலில் படித்த என் மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.) ரப்பர் பெல்ட் காலப்போக்கில் கருப்பட்டிப் பாகு மாதிரி உருகிவிடும். தப்பாகப் பதிந்தால் பிளேடால் வெட்டி ஒட்ட வேண்டும். வெட்டியது வெட்டியதுதான்!

அறை மூலையில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. உள்ளே எரிகிற குண்டு பல்பு, ஒரு தெர்மாமீட்டர். ஐம்பது டிகிரி.

"கோழிக்குஞ்சு பொரிக்கியளா மாமா?"

"ராத்திரி சொல்லுதேன்" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். பேரருவி அன்றைக்கு வெள்ளை வேட்டியை உதறிக் காயப்போட்ட மாதிரி இறங்கிக் கொண்டிருந்தது. நேராகத் தரைக்கு வருவதில்லை. நடுவில் பொங்குமாகடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, அங்கே பொங்கி, பிறகுதான் நம் தலைக்கு வருகிறது. இல்லாவிட்டால் குளிக்கப் போனவர்கள் குளித்து முடித்தவர்களாகத் திரும்ப முடியாது.

நான் மைக்கில் சிவப்புப் பஞ்சு உறையை மாட்டி ரெடியானேன். ஒரு குரங்கு வந்தது. உறையை உருவிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. பக்கத்துக் கடையில் குவித்திருந்த ரம்புட்டான் பழத்தையும் என் மைக்கையும் பார்த்தால் அதன் மேல் தப்பு சொல்ல முடியாது.

வெறும் மைக்கோடு ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். ஒரு பக்கம் முப்பது நிமிஷம். அருவி, வெறும் அருவி மட்டும் பதிய வேண்டும் என்பது என் லட்சியம். எட்டாவது நிமிஷம் மாமா, "செருப்பை எங்கனடே விட்டே?" என்றார்.

"உஷ்! ரெக்கார்டிங் போகுது மாமா!" என்று சீறினேன்.

மாமா முகம் என்னவோ மாதிரி ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தருவியில் பேசவில்லை. சாயங்காலம் பார்டர் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றியபோதும் பேசவில்லை. பரோட்டா முன்னால் ஒரு திருநெல்வேலிக்காரர் மௌனமாக இருக்கிறார் என்றால் விஷயம் பெரிசு என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரவு என் கேசட்டைப் போட்டுக் கேட்டோம். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்றது. முப்பது நிமிஷமும் அதே.

"இது அருவியா, டேப் இரைச்சலா?" என்றார் மாமா.

எனக்கே தெரியவில்லை!

விஷயம் இதுதான். அருவியில் அடி ஸ்வரத்திலிருந்து உச்ச ஸ்தாயி வரை எல்லாச் சத்தமும் ஒரே சமயத்தில் இருக்கிறது. டேப்பின் இரைச்சலும் கிட்டத்தட்ட அப்படித்தான். போதாததற்கு என் மிஷினில் சத்தம் அதிகமானால் தானாகவே குறைக்கிற ஏற்பாடு வேறு. அவ்வளவு பெரிய பேரருவியைக் குழாயடி ஆக்கிவிட்டது. இந்த டேப் இரைச்சலை அடக்கி உலகப் புகழ் பெற்ற ரே டால்பி, 1963 முதல் இரண்டு வருஷம் யுனெஸ்கோ ஆலோசகராக நம் இந்தியாவில்தான் இருந்தார். 1965-ல் லண்டன் போய்க் கம்பெனி ஆரம்பித்தார். அவர் கண்டுபிடிப்பு டேப் இரைச்சலைக் குறைக்கும். அருவியை அருவியாக்க அவராலும் முடியாது.

"கோபுரத்தைப் போட்டோ பிடிக்கும்போது பக்கத்தில ஒரு ஆளை நிறுத்துதோம்லா? அப்பத்தான் உயரம் தெரியும். அருவிக்கும் அப்படி ஒரு ஆள் வேணும்டே" என்ற மாமா எழுந்து போய், அந்த அட்டைப் பெட்டியைத் திறந்தார். பல்பு அணைந்து ஆறியிருந்தது. உள்ளே ஐந்து அங்குல ஸ்பூல் ஒன்று.

1979 சீசன். சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் விற்றுவிட்டுப் போன, தோளில் மாட்டும் பேட்டரி மிஷினில் மாமா பதிந்தது. அந்தக் காலத்து டேப்புகள் சிலவற்றில் ஒரு கோளாறு. பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். அப்படியே ஓட்டினால் துரு உரிந்து ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும்; சத்தமும் அதோடு போகும். மிதமான சூட்டில் மணிக்கணக்காக வைத்தால் பசை சில வாரங்களுக்குப் பழைய நிலைக்கு வரும். அதற்குள் காப்பி எடுத்துவிட வேண்டும். எல்லா டேப்புக்கும் இந்த வைத்தியம் ஆகாது. தப்பினால் இருந்ததும் போச்சு.

"ஒரே ஓட்டம்தான். நான் மட்டும் தனியா ஓட்டப் பயமா இருந்துச்சு. அதான் உன்னைக் கூப்பிட்டேன்" என்றார்.

மாமா நாடாவைக் கோத்தார். விரல் நடுங்கியது. நான் என் லேப்டாப்பில் ஒயரைச் செருகினேன். 600 அடி டேப், முப்பத்திரண்டு நிமிஷம். அருவி ஓட ஆரம்பித்தது. ஸ்ஸ்ஸ். பத்து நிமிஷம். பதினைந்து நிமிஷம். நான் கொட்டாவியை அடக்கிக் கொண்டிருந்தேன்.

பத்தொன்பதாவது நிமிஷம் ஒரு பெண் குரல்.

"போதும், வாங்க. குளிக்கத்தானே வந்தோம்? அதையும் பொட்டில அடச்சு வீட்டுக்குக் கொண்டு போயா குளிக்கப் போறிய?"

அத்தை! அவர் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் குரலுக்குப் பின்னால், சத்தியமாகச் சொல்கிறேன், பேரருவி திடீரென்று இருநூறு அடி உயர்ந்து நின்றது. ஈரக் கல், சிதறுகிற திவலை எல்லாம் அந்த அறைக்குள் வந்துவிட்டன.

உடனே இன்னொரு குரல். இளமையான, எரிச்சலான ஆண் குரல்.

"உஷ்! ரெக்கார்டிங்கே கெட்டுப் போச்சு!"

அப்புறம் மறுபடி அருவி. வெறும் அருவி.

மாமா கையை மிஷின் மேலேயே வைத்திருந்தார். டேப் ஓடி முடிந்து, காலி நுனி 'டப் டப்' என்று சுற்றியது. நிறுத்த வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"கெட்டுப்போன டேப்புனு மூலையில தூக்கிப் போட்டேன்டே. அழிச்சு வேற பாட்டுப் பதியலாம்னு எத்தனையோ தடவை எடுத்தேன். சோம்பல்ல விட்டது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அருவி வருஷா வருஷம் விழுது. நான் அந்த 'உஷ்' சொல்லாம இருந்திருந்தா, அவ இன்னும் பதிமூணு நிமிஷம் பேசியிருப்பா" என்றார்.

மறுநாள் காலை, கேட்காமலே அவரை மறுபடி பேரருவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அருவியை விட்டு நன்றாகத் தள்ளி, ஒரு டீக்கடைக் கூரையடியில் நின்று ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். முப்பது நிமிஷமும் மாமா பேசினார். சீசன் பற்றி, செருப்பு பற்றி, டீயில் சர்க்கரை கம்மி என்பது பற்றி, நான் துண்டு கொண்டு வராத லட்சணம் பற்றி. நான் 'உம்' கொட்டியதோடு சரி.

திங்கட்கிழமை ஆபீஸில் பக்கத்து சீட்காரருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, "யாரோ பெரியவர் பேசிக்கிட்டே இருக்காரே, இதுல குற்றாலம் எங்க சார்?" என்றார்.

"அதுதான் சார் குற்றாலம்" என்றேன்.