சாக்கில் கட்டி வைத்த ஸ்பிரிங்

மகளின் மகன் போன வருடம் பழைய போலோ ஒன்று வாங்கினான். அதை ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் சொல்லுவான். ஒரு நாள் மார்த்தாண்டம் போய் வந்தபோது, வண்டி தரையோடு பதுங்கியிருந்தது. ஒரிஜினல் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டையான, விறைப்பான மஞ்சள் ஸ்பிரிங் போட்டிருந்தான்.

"தாத்தா, சோழவரத்தில ஓடின பியட்டையெல்லாம் தாழ்த்தித்தானே ஓட்டினாங்க?"

"மக்களே, சோழவரம் பழைய விமான ஓடுதளம். அங்க ஸ்பீடு பிரேக்கர் கிடையாது. புதுக்கடை ரோட்டுல எத்தனை இருக்கு, எண்ணிப் பாரு" என்றேன்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுத்தராக இருந்தவன் நான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துச் சொன்னேன். சிரித்தான். கழற்றிய ஸ்பிரிங் நாலையும் சாக்கில் கட்டித் தேங்காய்ப் புரையில் வைத்தேன். அசலைத் தொலைக்காதே என்பது ஆபீஸ் பழக்கம்.

அவன் அலைன்மென்ட் பார்க்கவில்லை. அது எனக்குத் தெரியாது. கேட்காதது என் தப்பு.

இரண்டு மாதம் கழித்து, திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து இரவில் வந்துகொண்டிருந்தோம். பின்சீட்டில் நானும் என் மனைவியும். களியக்காவிளை தாண்டியதும் முன்பக்க இடது டயர் வெடித்தது. வண்டி ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. எதிரே லாரி எதுவும் வரவில்லை. அவள் என் கையைப் பிடித்த பிடி, வீடு வரும்வரை விடவில்லை.

டயரைக் கழற்றிப் பார்த்தோம். வெளிப்பக்கம் புதுசு போல இருந்தது. உள்விளிம்பில் ரப்பர் தேய்ந்து கம்பி தெரிந்தது. வண்டி தாழ்ந்தால் சக்கரத்தின் மேல்பாகம் உள்ளே சாயும். டை ராடின் சாய்வும் மாறுவதால், சக்கரம் பார்க்கும் திசையும் கோணலாகும். ஸ்பிரிங் மாற்றியதும் ஒரு முறை, அது அமர்ந்தபின் ஒரு முறை அலைன்மென்ட் பார்க்க வேண்டும். காரைக்காலில் பிரெஞ்சில் படித்த எனக்கு இதற்கு வாயில் வரும் வார்த்தை 'பாரலேலிஸ்ம்'. இணையாக இருத்தல் என்பதுதான் அர்த்தம்.

மறுநாள் ஸ்டெப்னியைப் போட்டுவிட்டு, அம்பாசடர் காலத்து முறையில் வண்டியின் இரு பக்கமும் நூல் கட்டினேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்கச் சொல்லி, ரிம்மின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் நூலிலிருந்து அளந்தேன். இடது சக்கரம் 4 மில்லிமீட்டர் வெளியே திரும்பியிருந்தது. பையன் ஸ்கேலைத் தானே வாங்கி மறுபடி அளந்தான். அப்புறம் பேசவில்லை.

சாயங்காலம் அவனே புரைக்குப் போய்ச் சாக்கைத் தூக்கி வந்தான். வேறு ஒர்க்‌ஷாப்பில் பழைய ஸ்பிரிங்கைப் போட்டு, முன்டயர் இரண்டும் புதிதாக மாற்றி, கம்ப்யூட்டர் அலைன்மென்ட்டும் பார்த்தோம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல்நட்டைத் தொடக்கூடாது, தெறித்தால் ஆள் காலி என்று மேஸ்திரி சொல்ல, பையன் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றான்.

என் மனைவி இன்னும் அந்த வண்டியில் ஏறவில்லை. மஞ்சள் ஸ்பிரிங் நாலும் இப்போது அதே சாக்கில், அதே புரையில் இருக்கின்றன. எடைக்குப் போட அவனுக்கு மனம் வரவில்லை. நானும் போடச் சொல்லவில்லை.