அப்பா ஏன் போனை அம்மாகிட்ட குடுக்குறார்?

ஹாஸ்டல்வாசிகளே, ஒரு கேள்வி. நீங்க போன் பண்ணினா, ‘சாப்பிட்டியா... சரி, இந்தா அம்மாகிட்ட பேசு’ன்னு கழட்டிவிடுற அப்பாவா உங்க அப்பா? என் அப்பாவும் அப்படித்தான். ரெண்டு அரியர் வெச்ச கோபம்னு ஒரு செமஸ்டர் முழுக்க நினைச்சேன். கொடுமை என்னன்னா, அண்ணன்கிட்ட மட்டும் பத்து நிமிஷம் பேசுவார். பொண்ணுன்னா இளக்காரமான்னு தலையணையை நனைச்ச ராத்திரிகூட உண்டு.

தீபாவளி லீவுலதான் கவனிச்சேன். டி.வி. சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்குது. ‘பசிக்குதாப்பா?’ன்னு கேட்டா, ‘மணி ஏழு’ன்னு பதில். கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரர் என்ன சொன்னாலும் சும்மா சிரிச்சுவைக்கிறார். கேட்டா, ‘நீங்கல்லாம் வாய்க்குள்ளேயே முனகுறீங்க’ன்னு நம்ம மேலயே பழி! அப்பாவுக்கு வயசு 61. (லேட் மேரேஜ், அதை விடுங்க!)

இ.என்.டி. டாக்டர் சொன்னதைக் கேட்டு ஆடிப்போயிட்டேன். வயசாக ஆக உள்காதில் இருக்கிற நுண்ணிய மயிர் செல்கள் கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகும், திரும்ப வளராது. முதல்ல போறது கீச்சு ஒலிகள்தான். அதனால ச, ஸ, ஃப மாதிரி எழுத்துகள் நழுவும். சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. ஆம்பளைக் குரல் ஓரளவு பிடிபடும். பொண்ணுங்க, குழந்தைங்க குரல்தான் முதல்ல தப்பும். ரெண்டு காதிலும் வருஷக்கணக்கில மெதுவா நடக்கிறதால அவங்களுக்கே தெரியாது. ஆக, அப்பா என்னை ஒதுக்கலை. என் பேச்சு அவருக்குப் புரியவே இல்லை!

சில சமயம் வெறும் அழுக்கு அடைச்சிருக்கும், எடுத்தா சரியாயிடும். ஆடியோகிராம் எடுத்தா உண்மை தெரியும். ஒரு காது மட்டும் திடீர்னு கேட்காமப் போனா அது வயசுக் கோளாறு இல்லை. அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. 2020-ல் லான்செட் இதழின் நிபுணர் குழு, மறதி நோய்க்கு வழிவிடுற ஆபத்துகள் பட்டியல்ல காது கேளாமையையும் சேர்த்திருக்கு. அதனால, ‘வயசானா அப்படித்தான்’னு விட்டுடாதீங்க.

அப்பா இன்னும் அடம்தான். ‘செவிட்டு மிஷினை மாட்டிக்கிட்டு எப்படிடி கடைத்தெருவுல நடப்பேன்?’ங்கிறார். வர்ற பொங்கலுக்குள்ள மாட்டவெச்சுடுவோம்னு நானும் அண்ணனும் கூட்டு சேர்ந்திருக்கோம். கத்திப் பேசினா வார்த்தை இன்னும் குழம்புமாம். அதனால இப்போ வீடியோ காலில், முகம் நல்லா தெரியற மாதிரி நிறுத்தி நிதானமா பேசுறேன். போன ஞாயித்துக்கிழமை 17 நிமிஷம் பேசினார். அதுல பாதி அரியரைப் பத்தித்தான்.