டாங்கோ: அணைப்பும் நடையும்

டாங்கோ என்பது இருவர் ஒருவரையொருவர் அணைத்தபடி, இசைக்கு இயைந்து, முன்கூட்டித் தீர்மானிக்காமல் நடக்கும் நடையாகும். திரைப்படங்களில் காணப்படும் உயரத் தூக்குதல்களும், காற்றில் வீசப்படும் கால்களும், தலையை வெட்டித் திருப்பும் அசைவுகளும் மேடைக்கும் ஐரோப்பியப் போட்டி நடனத்துக்கும் உரியவை. மக்கள் மாலை வேளைகளில் கூடி ஆடும் டாங்கோவில் அவற்றுக்கு இடமில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ரியோ டி லா பிளாட்டா கழிமுகத்தின் இரு கரைகளிலும் அமைந்த புவெனஸ் அயர்ஸ், மான்டிவீடியோ ஆகிய துறைமுக நகரங்களின் எளிய குடியிருப்புகளில், ஆப்பிரிக்க வழிவந்தோரின் கந்தோம்பே தாளமும், கியூபாவிலிருந்து வந்த ஹபனேராவும், இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் குடியேறியோரின் இசையும் கலந்து இந்நடனம் உருவாயிற்று. அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து முன்மொழிந்ததன்பேரில் 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

இந்நடனத்தின் இலக்கணம் உடலின் பாரத்தில் இருக்கிறது. ஒருவர் தம் பாரம் முழுவதையும் ஒரு காலின்மேல் நிறுத்திய பிறகே மறுகால் விடுதலை பெறுகிறது. விடுதலை பெற்ற கால் முன்னோ பின்னோ பக்கத்திலோ சென்று ஊன்றியதும், பாரம் அதன்மேல் ஏறி, முந்தைய கால் விடுதலை அடைகிறது. புறத்தே சிக்கலாகத் தோன்றும் உருவங்கள் எல்லாம் இந்த எளிய மாற்றத்திலிருந்தே பிறக்கின்றன. ஊன்றிய காலின்மேல் திரும்பித் திரும்பி எடுத்துவைக்கும் அடிகள் தரையில் எட்டு என்னும் எண்ணின் வடிவை வரைந்தால் அது ஓச்சோ. ஒருவரை நடுவில் நிறுத்தி மற்றவர் முன், பக்கம், பின், பக்கம் என்னும் ஒழுங்கில் சுற்றிவந்தால் அது ஹிரோ. இவற்றைப் பெயர் பெயராக மனப்பாடம் செய்வதைவிட, தம் பாரமும் இணையின் பாரமும் இக்கணம் எந்தக் காலில் இருக்கின்றன என்பதை உணரப் பழகுவதே கற்பவருக்கு முதன்மையான வேலை.

ஆயினும் பல வகுப்புகளில் எட்டு அடிகள் கொண்ட தொடர் ஒன்றையே முதல் பாடமாகக் கற்பிக்கின்றனர். விரைவில் ஆடத் தொடங்கிவிட்ட மகிழ்ச்சியை அது தருவது உண்மையே. ஆனால் அத்தொடரின் முதல் அடியை நடத்துபவர் பின்னோக்கி வைக்கிறார் என்பதால், நெரிசலான கூடத்தில் அது பின்னால் வரும் இணையின்மேல் மோதலாக முடிகிறது. அதைவிடப் பெரிய தீங்கு, அடுத்த அடி இன்னது என்று இருவருக்கும் முன்பே தெரிந்துவிட்டால், ஒருவர் உடலை மற்றவர் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுவதாகும். கூடத்தின் நீளம் முழுவதும் வெறுமே நடக்கத் தெரிந்த மாணவர், இருபது உருவங்கள் தெரிந்தும் நடக்கத் தெரியாதவரைவிட நெடுந்தொலைவு முன்னே நிற்கிறார்.

இணையில் ஒருவர் நடத்துபவர், மற்றவர் தொடர்பவர். முன்னாளில் ஆண் நடத்தப் பெண் தொடர்வதே வழக்கமாயிருந்தது. இன்று இரு பாலாரும் இரு பங்குகளையும் ஏற்கின்றனர். நடத்துதல் கைகளால் தள்ளுவதும் இழுப்பதும் அன்று. நடத்துபவரின் மார்பும் அதனைத் தொடர்ந்து பாரமும் ஒரு திசையில் நகரத் தொடங்கும்போது, அணைப்பின் வழியாக அந்த நோக்கம் தொடர்பவரை எட்டுகிறது. தொடர்பவர் அதைத் தம் காலத்தில், தம் நடையின் அளவில் நிறைவேற்றுகிறார். அவர் அடியை முடித்துப் பாரத்தை ஊன்றும்வரை நடத்துபவர் அடுத்ததைத் தொடங்கலாகாது. ஆகவே நடத்துபவரின் முதல் திறன் காத்திருத்தல் என்றே கூற வேண்டும். தொடர்பவரின் திறனும் வெறும் கீழ்ப்படிதல் அன்று. ஊகித்து முந்திக்கொள்ளாமலும், சோர்ந்து பின்தங்காமலும், தம் அச்சில் தாமே நின்று, கிடைத்த இடைவெளியில் இசையைத் தம் காலால் அலங்கரிக்க வல்லவரே நல்ல தொடர்பவர். அணைப்பு நெருக்கமாகவோ தளர்வாகவோ இருக்கலாம். மார்பு மார்போடு சேரும் நெருக்கமான அணைப்பில் மிகச் சிறிய அசைவும் சொல்லப்படுவதால், முதிர்ந்த ஆட்டக்காரர் பலர் அதையே விரும்புகின்றனர்.

இசையை அறியாமல் இவை எவையும் பொருள்படுவதில்லை. 1930களின் நடுப்பகுதி தொடங்கி 1950களின் நடுப்பகுதி வரையிலான காலம் டாங்கோவின் பொற்காலம் எனப்படுகிறது. நடனக்கூடங்களில் இன்றும் ஒலிப்பவை பெரும்பாலும் அக்காலப் பதிவுகளே. அன்றைய இசைக்குழுவில் வயலின்களும், பியானோவும், டபுள் பாஸும், ஜெர்மனியில் தோன்றிக் கடல் கடந்து வந்த பந்தோனியோன் என்னும் துருத்தி இசைக்கருவியும் இருந்தன. முரசு இல்லாமையால் தாளத்தைப் பியானோவும் பாஸும் தாங்கின. குழுவுக்குக் குழு நடை மாறுகிறது. ஹுவான் தாரியென்சோவின் இசை கூர்மையான, விரைந்த தாளத்தால் காலைத் தூண்டுவதால், குறுகிய, தெளிவான அடிகளே அதற்குப் பொருந்தும். கார்லோஸ் தி சார்லியின் வயலின்கள் நீண்டு ஒலிக்கையில், ஒரே அடியை அதன் முழு நீளத்துக்கும் நீட்டி நடக்கும் பொறுமை வேண்டும். எளிய இசை என்று கருதி இதைத் தொடக்கநிலை மாணவருக்கு ஒதுக்குகின்றனர், ஆனால் நடையின் குறைகளை இதைப்போல் வெளிப்படுத்தும் இசை வேறில்லை. ஓஸ்வால்தோ புக்லியேசேயின் இசை இழுத்தும் நெகிழ்ந்தும் சட்டென அழுத்தியும் செல்வதால், அங்கே எப்போது நகராமல் நிற்பது என்பதை அறிந்தவரே ஆட முடியும். அசைவற்று நிற்பதும் டாங்கோவில் ஓர் அடியே. மூன்றன் தாளத்தில் அமைந்த வால்ஸும், விரைந்து செல்லும் மிலோங்காவும் இதே அணைப்பில் ஆடப்படும் உடன்பிறந்த வடிவங்கள்.

அந்த விரைந்த இசையின் பெயரே மக்கள் ஆடக் கூடும் நிகழ்வுக்கும் பெயராக வழங்குகிறது. மிலோங்கா என்னும் இந்நிகழ்வில் ஒரே குழுவின் மூன்று அல்லது நான்கு பாடல்கள் சேர்ந்தது ஒரு தாந்தா. ஒரு தாந்தாவுக்கும் அடுத்ததற்கும் இடையே, டாங்கோவுக்குத் தொடர்பில்லாத இசைத்துணுக்கு ஒன்று ஒலிக்க, அனைவரும் கூடத்தின் நடுவை விட்டு இருக்கைக்குத் திரும்புகின்றனர். அடுத்த தாந்தாவின் முதல் சுரங்கள் கேட்டதும், ஆட விரும்புவோர் தொலைவிலிருந்தே ஒருவரையொருவர் பார்க்கின்றனர். பார்வை சந்தித்து ஒருவர் தலையசைக்க மற்றவரும் அசைத்தால் அழைப்பு ஏற்கப்பட்டதாகும். கபெசேயோ எனப்படும் இம்முறையை வெறும் பழமை என்று ஒதுக்குவது தவறு. விருப்பமில்லாதவர் பார்வையை விலக்கிக்கொண்டால் போதும் என்பதால், மறுப்பவருக்குச் சங்கடமும் இல்லை, மறுக்கப்பட்டவருக்குப் பலர்முன் அவமானமும் இல்லை; அந்நியர் ஒருவரை நெஞ்சோடு அணைத்து ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடங்கள் ஆட வேண்டிய கலையில், இசைவு இருபுறமும் தங்குதடையின்றிப் பிறக்க இதைவிட நேர்த்தியான வழியைக் காண்பது அரிது.

இணைகள் அனைத்தும் கூடத்தின் ஓரத்தை ஒட்டி இடஞ்சுழியாக ஒரே ஓட்டத்தில் நகர்கின்றன. முன்னிருப்பவரை முந்துவதும், பின்னிருப்பவர்மேல் பின்வாங்குவதும் மரபுப் பிழைகள். நடத்துபவர் தம் இணையோடு மட்டுமன்றி, அருகில் ஆடும் எல்லா இணைகளோடும் இடத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால், நெரிசல் மிக மிக அடிகள் சுருங்கி நுட்பம் கூடுகிறது. இத்தகைய நடனக்கூடங்கள் அர்ஜென்டினாவில் 1955ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சிக்குப் பின் படிப்படியாக வெறிச்சோடின. 1983இல் பாரிஸில் அரங்கேறிய ‘டாங்கோ அர்ஜென்டினோ’ என்னும் மேடை நிகழ்ச்சி உலகெங்கும் ஆர்வத்தை மீட்டெடுத்தது. மேடையைப் பார்த்துக் கற்க வந்தவர்களுக்கு, பழைய கூடங்களில் ஆடிய முதியவர்களே நடையையும் அணைப்பையும் மீண்டும் கற்பித்தனர். இக்கலை அவர்களுக்குப் பட்ட கடன் பெரிது.

கற்க விரும்புவோர் நன்கு வழுக்கித் திரும்பும் தோல் அடிப்பாகம் கொண்ட காலணி அணிந்து, தாரியென்சோவையும் தி சார்லியையும் நாள்தோறும் கேட்டு, முதல் சில மாதங்களை நடைக்கே ஒதுக்க வேண்டும். நடத்துவதையும் தொடர்வதையும் ஒருசேரக் கற்க வேண்டும். தொடர்பவராக ஆடிப் பாராதவர் நன்றாக நடத்துவது அரிது. தயங்காமல் மிலோங்காவுக்குச் செல்லுங்கள். முதல் மாலையில் ஆடாவிட்டாலும் உருகுவே இளைஞர் ஹெரார்தோ மாதோஸ் ரொத்ரீகஸ் இயற்றிய ‘லா கும்பார்சிதா’ ஒலிக்கும்வரை இருங்கள். அதுவே மரபுப்படி அன்றைய கடைசிப் பாடல்.